இருபதாவது கம்பம்

கார்லீனா டென்ட்லிங்கருக்குக் கை நடுங்காது. கணவன் இசாக்கைப் புதைத்த அன்றும் நடுங்கவில்லை. குழிக்குள் மூன்று பிடி மண்ணைப் போட்டாள், விரல்களைத் துடைத்துக்கொண்டாள், வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்க்கப் போய்விட்டாள். அவள் அழவில்லை என்று ரெஹோபத் ஊர்ப் பெண்கள் ஒரு மாதம் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். வந்திருந்தால் அழுதிருப்பாள். வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போன பல் ஈறு மாதிரி இருந்தது; தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

ரெஹோபத்தில் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்புப் படித்து, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள் அவள். படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பாள். விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியைக் கெட்டியாக்கி ஊட்டுவாள். மூச்சுச் சத்தத்தைக் கேட்டு, மகன்களுக்குத் தந்தி அடிக்கச் சொல்லலாமா, இன்னும் ஒரு நாள் பொறுக்கலாமா என்று சொல்வாள். துப்பாக்கியைக் கையில் எடுத்தது இசாக்கைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்த பிறகுதான். இசாக்குக்குத் தூரப் பார்வை போதாது. கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று வீம்பு. அதனால் அந்த வீட்டில் வண்டி ஓட்டுவதும் குடலெடுப்பதும் அவன் வேலை, சுடுவது அவள் வேலை என்று ஆயிற்று. "பொண்டாட்டி வேட்டைக்குப் போறா, புருஷன் ஈரல் கழுவுறான்" என்று முதலில் சிரித்தவர்கள், அவள் சுட்ட மான்களின் நெஞ்சில் ஒரே இடத்தில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

இசாக் பெயர் வாங்கியது வேறு வேலையில். வேலி போடுவதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் போட்ட வேலியின் ஒரு முனையில் நின்று பார்த்தால் கம்பங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஒளிந்துகொண்டு ஒரே கம்பமாகத் தெரியும். கடைசியாக அவன் போட்டது வடக்கு மேய்ச்சல் வேலி. போன குளிர்காலத்தின் முடிவில் தொடங்கி, மழைக்கு முன் முடித்தான். ஒற்றை ஆளாக, கடப்பாரையால் சுண்ணாம்புப் பாறையைக் குத்திக் குழி தோண்டி முடித்தான். மார்ச்சில் செத்துப்போனான். ஈரலில் புற்று. தலைநகர் விண்ட்ஹுக்கின் டாக்டர் பார்த்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஜூனில், அங்கே குளிர்காலம் பிறக்கும்போது, வேட்டை தொடங்கியது. நாடு விடுதலை அடைந்த மறு ஆண்டு அது, மழை பொய்த்திருந்தது. புல் இருக்கிற அளவுக்கு மான்களைக் குறைத்தால்தான் ஆடுகள் பிழைக்கும். கறிக்கடைக்காரன் வெள்ளிக்கிழமை தோறும் வண்டி அனுப்புவான். ஆனால் அவனிடம் ஒரு நிபந்தனை உண்டு: குண்டு நெஞ்சில் பட்டிருக்க வேண்டும். வயிற்றில் பட்டுச் சாணி கலந்த கறியை அவன் கையால் தொட மாட்டான்.

முதல் வாரம் அவள் சுட்ட துள்ளுமானுக்கு முன்னங்கால் முறிந்தது. மூன்று காலில் ஓடியதைப் பாதி நாள் பின்தொடர்ந்து முடித்துவைத்தாள். அடுத்ததற்கு வயிற்றில் பட்டது. தோலுரிக்க வந்த லீஸ்பெத் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். லீஸ்பெத் நாமா இனத்துப் பெண். அந்தப் பண்ணையிலேயே பிறந்தவள். நாக்குக்கு வேலி கிடையாது.

"என்னக்கா இது? மானச் சுட்டியா, சாணி மூட்டையச் சுட்டியா?"

"மானத்தான்."

"ரெண்டும் தாழத்தான் பட்டிருக்கு. துக்கச் சட்டை கனக்குதோ என்னமோ. ஒரு வருஷம் கறுப்புப் போடணும்னு சொன்னவனைக் கூட்டிட்டு வந்து சுடச் சொல்லு."

"வயித்த ரெண்டு தண்ணி ஊத்திக் கழுவு. உப்புக்கண்டம் போடலாம்."

"போடலாம். நாய்க்குப் போடலாம்."

செய்தி ஊருக்குப் போய்விட்டது. கறிக்கடைக்காரன், இசாக்கின் அண்ணன் டோபியாஸிடம் சொல்லியிருந்தான். நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. டோபியாஸ் ரெஹோபத்தில் செங்கல் சூளை வைத்திருந்தார். புதன்கிழமை அவர் தன் மகன் ஸ்டெஃபானுஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஸ்டெஃபானுஸுக்கு முப்பது வயது. கல்யாணமாகி வீடில்லாமல் மாமனார் வீட்டில் இருந்தான். இறங்கியதும் அவன் கண் முதலில் வீட்டுக் கூரையைத்தான் பார்த்தது. கார்லீனா அதைக் கவனித்தாள்.

டோபியாஸ் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். "உன்னக் குறை சொல்ல வரல, கார்லீனா."

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. சொல்லிட்டே போங்க அத்தான்."

"ஆம்பளையே ஆனாலும் துக்கம் கைய வாங்கிரும். நீ பொம்பள. தம்பி போய் மூணு மாசம்தான் ஆகுது. ஸ்டெஃபானுஸ் இங்க வந்து இருக்கட்டும். நீ ஊருக்கு வந்துரு. பின்கட்டு அறை சும்மாதான் கெடக்கு. ரோசலினுக்கும் மூட்டு வலி, எந்திரிக்க முடியல. நீ பக்கத்துல இருந்தா..."

வாக்கியத்தின் வால் அவளுக்குப் புரிந்தது. காலையில் ரோசலினைத் தூக்கி உட்கார வைப்பது, முட்டிக்குத் தைலம் தேய்ப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது. சம்பளமில்லாமல், சாகும்வரை. முடியாத வேலை இல்லை. செய்ய விருப்பமில்லாத வேலை.

"என் கை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப துப்பாக்கி சரியில்ல."

"நாளைக்குப் பாத்துருவோம்."

"பாத்துருவோம். வெள்ளிக்கிழமை வண்டிக்கு ஆறு வேணும். ஆறும் நெஞ்சுல. ஒண்ணு வயித்துல பட்டாலும் வீட்டுச் சாவிய இவன்கிட்டக் குடுத்துரு. சரிதானே?"

"சரி" என்றாள். சொல்லும்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்குக் கிழக்கே இருந்த உவர்த்தரைக்குப் போனார்கள். மழை வந்தால் ஏரி, வராவிட்டால் தட்டு மாதிரி வெள்ளைத் தரை. இசாக்கின் அளவுக் கம்பி கொட்டகையில் தொங்கியது; பதினைந்து மீட்டர், இரண்டு முனையிலும் வளையம். அதை நீட்டி நீட்டி அளந்து நூறிலும் இருநூறிலும் முந்நூறிலும் அட்டைப் பெட்டிகளை வைத்தான் ஸ்டெஃபானுஸ். பெட்டி பறக்காமல் இருக்க உள்ளே கல் போட்டான்.

குண்டு குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து விழத் தொடங்குகிறது. கிணற்றில் போட்ட கல் போலத்தான். முன்னால் ஓடிக்கொண்டே விழுகிறது. அதனால் குழலைத் துளி மேலே தூக்கி வைத்து குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருகுவார்கள். கார்லீனாவின் துப்பாக்கி நூறு மீட்டரில் குறிக்கு இரண்டு விரல் மேலே அடிக்கும். இருநூறில் குறியிலேயே. முந்நூறில் ஒரு சாண் கீழே. முந்நூறில் நிற்கும் மானுக்கு முதுகெலும்பின் ஓரத்தில் குறி வைத்தால் குண்டு சாண் இறங்கி இதயத்துக்குப் போகும். அதற்கப்பால் விழுகிற வேகம் கூடிவிடும். ஐம்பது மீட்டர் தள்ளி நின்றால் இன்னொரு சாண். இத்தனை வருடத்தில் அவள் மனதில் வைத்திருந்த கணக்கு இவ்வளவே. இது போதுமானதாகவும் இருந்தது.

மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி, குப்புறப் படுத்து, பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி அழுத்தினாள். நூறு: இரண்டு விரல் மேலே. இருநூறு: குறி. ஸ்டெஃபானுஸ் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு விரலை உயர்த்திக் காட்டினான். முந்நூறுக்கு மூன்று குண்டு. மூன்றும் ஒரு சாண் கீழே, ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவில் விழுந்திருந்தன.

"அப்பா, சித்தி சுடுறதுல ஒரு குறையும் இல்ல" என்றான், தன் வீடு கைவிட்டுப் போகிறவனின் குரலில்.

டோபியாஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது அட்டை. இதுக்கு உசிரு இல்ல. உசிருள்ளதப் பாத்தாத்தான் உனக்குக் கை தளருது. அதான் துக்கம். நான் சொன்னேன் இல்ல?"

கார்லீனா மணல் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டாள். உள்ளே இருப்பது துக்கமா என்று தேடிப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் துக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறாள். அது சாப்பிடாது, தூங்காது, தலை சீவாது. அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், தலை சீவினாள். ஒருவேளை கை தனக்குத் தெரியாமல் தனியாகத் துக்கப்படுகிறதோ? அப்படியும் ஒரு வியாதி உண்டா? அவள் படித்ததில் இல்லை.

வெயில் ஏறியதும் லீஸ்பெத்தைக் கூட்டிக்கொண்டு, ஓர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வடக்கு வேலிக்குப் போனாள். இரண்டு மான்களையும் அங்கேதான் சுட்டிருந்தாள். வாயிற்கதவருகே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, வேலியோரம் மேய்கிறதைச் சுட்டாள். அந்தச் சமவெளியில் தூரம் தெரியாது. வெளுத்த புல், வெளுத்த மண், நடுவில் கானல். அதனால் அங்கே எல்லோரும் வேலிக் கம்பத்தை எண்ணுவார்கள். கம்பத்துக்குக் கம்பம் பதினைந்து மீட்டர். எல்லாப் பண்ணையிலும் அப்படித்தான். இருபது கம்பம் என்றால் முந்நூறு. ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திங்களா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. அதுபோல இதையும் யாரும் சரிபார்த்ததில்லை.

லீஸ்பெத் இருபதாவது கம்பத்தில் அட்டையைக் கட்டிவிட்டு வந்தாள்.

"அட்டைக்குத் துக்கம் கேக்கப் போறியாக்கா?"

"பேசாம தூசியப் பாரு. எங்க விழுதுன்னு சொல்லு."

முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டில் குறி வைத்துச் சுட்டாள். மூன்று குண்டு. போய்ப் பார்த்தார்கள். மூன்றும் கோட்டுக்கு இரண்டு சாண் கீழே. மான் நின்றிருந்தால் வயிறு.

"உசிரில்லாத அட்டைதான் இதுவும்" என்றாள் கார்லீனா.

"அப்ப இங்க மண்ணு குண்ட இழுக்குதோ?"

கார்லீனா அட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினாள். துப்பாக்கி அதே துப்பாக்கி. தோட்டா அதே பெட்டி. காலைக் குளிரில் குண்டு சற்று மந்தமாகும் என்பார்கள், இப்போது உச்சிவெயில். அவள் மாறவில்லை, குண்டு மாறவில்லை. முந்நூறில் குண்டு ஒரு சாண்தான் விழும். இரண்டு சாண் விழுந்திருந்தால் அது பறந்தது முந்நூறு அல்ல.

வண்டியிலிருந்து அளவுக் கம்பியை எடுத்து வந்தாள். வாயிற்கதவுக் கம்பத்தில் ஒரு வளையத்தை மாட்டி, லீஸ்பெத்தை மறு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னாள். முதல் இடைவெளி சரி. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் வளையம் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. ஆறாவதில் உட்காரவில்லை. ஒரு முழம் போதவில்லை.

"கம்பி சுருங்கிப் போச்சா?" என்றாள் லீஸ்பெத்.

"நட."

எட்டாவதில் இரண்டு முழம். பன்னிரண்டாவதில் லீஸ்பெத் கையை நீட்டியும் கம்பம் எட்டவில்லை. கார்லீனா இப்போது கம்பங்களுக்கு நடுவில் கட்டியிருந்த மெல்லிய குச்சிகளைப் பார்த்தாள். கம்பிகள் தொங்காமல் தாங்குகிற குச்சிகள். வாயிற்கதவருகே இரண்டு கம்பத்துக்கு நடுவில் மூன்று குச்சி. இங்கே நான்கு. கண்ணெதிரே, அடுத்த இடைவெளியில் ஐந்து. இடைவெளி நீண்டதால் கம்பி தொங்கும் என்று கூடுதல் குச்சி கட்டியிருக்கிறான். வேலை சுத்தம்தான். குழிதான் குறைவு. பாறையில் ஒரு குழி தோண்ட அரை நாள் ஆகும்.

ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒரு தட்டைக் கல் கிடந்தது. முதல் சில கம்பங்களில் இல்லை. ஏழாவதிலிருந்து எல்லாவற்றிலும். உட்காருவதற்குத் தோதாக, வேலிக்கு நிழல் விழும் பக்கத்தில், எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்ட கல். பதினாறாவது கம்பத்தருகே கல்லுக்குப் பக்கத்தில், வயிற்று வலிக்குக் கரைத்துக் குடிக்கும் சோடா உப்பு டப்பா ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

லீஸ்பெத்தும் அதைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. "இசாக்கண்ணன் எப்பவும் ஒரு கல்லுல உக்காந்து நான் பாத்ததில்ல" என்று மட்டும் சொன்னாள்.

"நானும் பாத்ததில்ல."

போன செப்டம்பரில் இசாக் தன் இடுப்பு வாரில் ஆணியால் புதிய ஓட்டை போட்டான். அக்டோபரில் இன்னொன்று. இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தள்ளிவைத்து, மதியம் நிறையத் தின்றுவிட்டேன் என்றான். வெயிலில் கறுத்தான் என்று அவள் நினைத்தது வெயில் அல்ல. இதெல்லாம் முதல் வருடப் பாடம். முதியோர் இல்லத்தில் யாராவது ஒரு கிழவர் இப்படி இருந்திருந்தால் அவள் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லியிருப்பாள். சொந்த வீட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து அவன் தட்டை எடுத்து மிச்சத்தை நாய்க்குப் போட்டாள்.

கம்பியைச் சுருட்டி வண்டியில் போட்டாள். இருபதாவது கம்பம் வரை அளந்த கணக்கு முந்நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. அது மட்டும் இப்போதைக்குப் பயன்படும்.

சாயங்காலம் டோபியாஸ் வீட்டு வாசலில் தணல் மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கார்லீனா நேராகப் போய் நின்றாள்.

"நான் தப்பாச் சுடல அத்தான். வேலி தப்பு. கம்பம் தள்ளித் தள்ளி நட்டிருக்கு."

டோபியாஸ் ரொட்டியைத் திருப்பவில்லை. "யாரு நட்ட வேலி?"

"அவரு நட்டதுதான்."

"என் தம்பி வேலியவா? இந்த ஜில்லாவுல இசாக் வேலி மாதிரி உண்டாடி? செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான்னு அவன் தலையிலயே போடுறியே. உன் கை தளந்துச்சுன்னு ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போயிரும்?"

ஸ்டெஃபானுஸ் தரையைப் பார்த்தான். ரொட்டி கருகும் வாசனை வந்தது.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். சரியான தூரம் இப்போது அவளுக்குத் தெரியும். நாளைக்கு ஆறையும் நெஞ்சில் சுட்டுக் கொடுத்துவிட்டு, துக்கம் ஆறிவிட்டது என்று அவர்களைச் சொல்ல விட்டிருக்கலாம். இசாக்கின் பெயரும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அடுத்த முறை ஒரு குண்டு தாழ்ந்தால் மறுபடியும் அந்தப் பின்கட்டு அறை வரும். மேலும், நடந்தது நடந்ததுதான். நோயாளி விழுந்ததைக் குறிப்பில் எழுதாமல் விட்ட நர்ஸை அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

"கம்பி வண்டியில இருக்கு" என்றாள். "விடிஞ்சதும் நீங்களே போய் அளந்து பாருங்க. கம்பத்தடியில கெடக்குற கல்லையும் பாருங்க. அதுக்கப்புறம் எது வேணாலும் சொல்லுங்க." கருகிய ரொட்டியைத் தணலிலிருந்து தட்டிவிட்டு உள்ளே போனாள்.

விடியற்காலையில் டோபியாஸ் மகனைக்கூட எழுப்பாமல் தனியாகப் போனார். கார்லீனா மக்காச்சோளக் களி கிண்டி, சாப்பிட்டு, துப்பாக்கிக் குழலுக்குள் துணி விட்டு இழுத்து முடித்த பிறகுதான் திரும்பி வந்தார். முழங்காலில் மண். படியில் உட்கார்ந்தார்.

"அக்டோபர்ல ஒரு நாள் நான் வந்தேன்" என்றார். "நீ கோயிலுக்குப் போயிருந்த. நடு மத்தியானம் வேலியோரமா உக்காந்திருந்தான். என்னடா, சம்பளத்துக்கு வந்த ஆள் மாதிரி உக்காந்திருக்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு கடப்பாரைய எடுத்தான். நானும் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன்."

கார்லீனா காப்பியை அவர் கையில் கொடுத்தாள். கோப்பையைப் பிடிக்க முடியாமல் அவர் கை ஆடியது. அதனால் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கொடுத்தாள்.

"ஊர்ல சொல்லாத" என்றார்.

"கேட்டா சொல்வேன். கேக்கலன்னா நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க. வண்டி வந்துரும்."

தொட்டி நிழலில் அவளுக்குப் பக்கத்தில் டோபியாஸே படுத்துக்கொண்டார். காலைக் குளிர் விலகுமுன் மான்கள் வேலியோரம் வந்தன. அவர் கம்பத்தை எண்ணவில்லை. காலையில் தானே அளந்த கணக்கை மெல்லிய குரலில் சொன்னார்: "முன்னால நிக்கிறது, எரநூத்தி எழுபது. அந்தக் கிடா, முந்நூத்தி இருபது இருக்கும்." அவள் அதற்கேற்பக் குறியை ஏற்றினாள், இறக்கினாள். முதல் கிடா நின்ற இடத்திலேயே மடிந்தது. சத்தம் அடங்கி மந்தை திரும்பி மேய வரும்வரை இருவரும் அசையாமல் கிடந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஆறும் விழுந்தன. ஸ்டெஃபானுஸும் லீஸ்பெத்தும் வண்டியில் ஏற்றினார்கள். லீஸ்பெத் ஒவ்வொரு ஓட்டையாக விரல் விட்டுப் பார்த்து, "சாணி வாசனையே இல்ல, கடைக்காரன் ஏமாந்து போவான்" என்றாள்.

கறிக்கடை வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டது, போயிற்று. சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. டோபியாஸ் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், வடக்கு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அப்படியே விட்டுருவோம் கார்லீனா. அவன் கையால நட்டது."

"மழை வந்தா கம்பி தொங்கும். நரி உள்ள பூந்து குட்டிய எடுக்கும்" என்றாள் கார்லீனா. "நடுவுல ஊணுறதுக்கு இரும்புக் கம்பம் அனுப்புங்க. ஸ்டெஃபானுஸும் வரட்டும். குழி தோண்ட ஆள் வேணும்."

டோபியாஸ் மகனைப் பார்த்தார். ஸ்டெஃபானுஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"மூணு வேளையும் சாப்பாடு போடுறேன்" என்றாள் அவள். "களைச்சா களைச்சேன்னு சொல்லணும். அது ஒண்ணுதான்."

வண்டி போன பிறகு கையைக் கழுவினாள். ரத்தம் நகக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய பல் பிரஷை எடுத்துத் தேய்த்தாள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது, நிழலில் இருந்த வாளியின் ஓரத்தில் மெல்லிய பனித்தகடு மிதந்ததால். கையை இழுத்துக்கொள்ளாமல், நகம் வெளுக்கிற வரை தேய்த்தாள்.